ஃபராஸ் வைத்த அடையாளம்

எங்கள் திருவல்லிக்கேணிச் சந்தில் எதிர்வீட்டு ஃபராஸ், கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே பிழைக்கப்போகிறவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அணித்தேர்வு. அதற்குள் கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு முறை போய்விட்டது.

“இன்னாப்பா, மறுபடியும் புட்டுக்கிச்சா?” என்றேன்.

“செத்துப்போனதையே புது டப்பால போட்டுத் தர்றான்க்கா.”

அவன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முதல் கார்டைக் கடைக்கு அனுப்பும்முன் அதில் ஒரு பொட்டு வைத்திருந்தான். தொழுகைக்கு ஆகாதென்று மனைவி வஜீஹா ஒதுக்கிவைத்த சிவப்பு நகப்பூச்சில். மாற்றாக வந்த கார்டிலும் அதே பொட்டு.

இம்முறை அனுப்பவில்லை. இரண்டாவது பொட்டும் வைத்து, காயவிட்டு, கார்டைப் பீரோவில் பூட்டினான். நாலு நாள் கழித்து வேறு கடையில் புதிது வாங்கினான். அதைப் பிரிக்கும்போது நானும் போயிருந்தேன். வேடிக்கை பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கல்ல, கடமை.

டப்பாவின் முத்திரையை உடைத்தான். கார்டில் இரண்டு பொட்டு. நான் தொட்டுப் பார்த்தேன்.

“பீரோவத் தொறந்து பாரேன்.”

“வேணாம்க்கா. ஞாயித்துக்கெழம மேட்ச்.”

கார்டைப் பொருத்தினான். திரை பளிச்சென்று வந்தது. வஜீஹா டீ கொடுத்தாள். பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தோம். என் விரல் பட்ட இடத்தில் டம்ளர் சிவப்பாகியிருந்தது.