இபுகியின் வயிற்றுவலி

"ஒரு வாரமா உங்க பையனுக்கு தினமும் வயிற்றுவலி. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

பள்ளியின் உடல்நல ஆசிரியை மகினோ படிவத்தை மேஜை மேல் நகர்த்தி வைத்தாள்.

எதிரே கிதாமி. இரண்டாம் வகுப்பு இபுகியின் அப்பா. துறைமுகத்து மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். வெளியாட்களுக்கென்று பள்ளியில் கொடுத்த செருப்புக்குள் அவர் பாதம் பாதிதான் நுழைந்திருந்தது.

"வயிற்றுவலியா? நேத்துகூட மூணு கிண்ணம் சோறு தின்னானே டீச்சர்."

"படிச்சுப் பாருங்க."

குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பள்ளி எடுத்த கணக்கெடுப்பு அது. கேள்விக்கு எதிரே பென்சிலால் பதில் எழுத வேண்டும்.

போன வாரம் வயிறு வலித்தது: எப்போதும்.

சிரித்து விளையாடினேன்: ஒருபோதும் இல்லை.

வீட்டில் இருக்கப் பிடித்திருந்தது: ஒருபோதும் இல்லை.

மூன்றாவது வரியில் கிதாமியின் விரல் நின்றுவிட்டது.

"எழுத்து அவனோடதுதான்..."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். பெத்தவங்க பகுதியை மட்டும் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டேன். மீதி அவன் சமாச்சாரம்னு நான் பார்க்கல."

"வெறும் தாள்ல கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கீங்க!"

அவர் எழுதிய பகுதியும் அழகாகத்தான் இருந்தது. காலை உணவு: தனியாக. தூங்கும் நேரம்: ஒரே மாதிரி இல்லை. டிவி: நிறைய.

"ராத்திரி ரெண்டு மணிக்கே நான் கிளம்பியாகணும். சோத்து உருண்டை பிடிச்சு மூடி வெச்சுட்டுப் போவேன். இவன் அம்மா போனப்புறம் வீட்டுல வேற ஆள் இல்லையே."

இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்று நினைத்தாள் மகினோ. ஆனாலும் ஏதோ இடித்தது. தினமும் இந்த ஜன்னல் வழியாக அவள் பார்க்கிற இபுகி, மைதானத்து இரும்புக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஊரே கேட்கச் சிரிக்கிறவன். வயிறு வலிக்கிற பிள்ளை அப்படித் தொங்குமா?

பையனை அழைத்து வரச் சொன்னாள். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, மேஜையில் படிவத்தைப் பார்த்ததும் அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

"இபுகி, வயிறு எங்கேப்பா வலிக்குது?"

"வலிக்கலையே டீச்சர்."

"அப்போ இதுல பொய் எழுதியிருக்கியா?"

"இல்லை. எல்லாம் நிஜம்தான்."

"வலிக்கலைங்கறே, நிஜம்ங்கறே. எதைப்பா நான் நம்பறது?"

இபுகி தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மகினோவுக்குத் தலை சுற்றியது. அப்பாவுக்குப் பயந்து மறைக்கிறானோ? அவரைப் பார்த்தாள். அவரோ அவனைவிடப் பயந்து போயிருந்தார்.

"டேய், அப்பா மேல கோபமா? வீட்டுல நான் எதாவது...?"

இபுகி சட்டை நுனியைத் திருகினான்.

பிறகு கிதாமி எழுந்து நின்று தலை குனிந்தார்.

"என் தப்புதான் டீச்சர். நகோயா பட்டணத்துல எங்க அக்கா இருக்கா. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், எல்லாம் ஒழுங்கா இருக்கும். அங்கேயே கொண்டுபோய் விட்டுடறேன். எனக்கு இந்தக் கடல் வேலையைத் தவிர வேற தெரியாது."

அது நல்ல முடிவுதான் என்று சொல்ல மகினோ வாயைத் திறந்தாள்.

"அது என் வயிறு இல்ல!" என்று வீறிட்டான் இபுகி.

இருவரும் திரும்பினார்கள். பையன் அழுதுகொண்டிருந்தான்.

"என் வயிறு இல்ல டீச்சர். சுமிரேவோட வயிறு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்."

"உன் பக்கத்து இருக்கை சுமிரேவா?"

"ஆமாம். அவ வீட்டுல நிஜத்தைத்தான் எழுதினா. அவங்க அம்மா கணக்கு நோட்டு பார்க்கிற மாதிரி பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தாங்களாம். இது தப்பு, அது தப்புன்னு எல்லாத்தையும் அழிச்சு எழுத வெச்சாங்களாம். திங்கக்கிழமை காலைல பள்ளிக்கூட வாசல் ஷூ அலமாரிகிட்ட உட்கார்ந்து அழுதா. என் தாள் காலியாத்தானே இருந்துச்சு? அவ சொன்னா, நான் எழுதினேன். எங்க அப்பா திருத்த மாட்டாரே."

கிதாமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ... உனக்கு நம்ம வீடு பிடிக்குமாடா?"

"ரிமோட்டை என்கிட்ட கொடுத்தா பிடிக்கும்" என்றான் இபுகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் சிரித்தார். சிரித்தபடியே கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

மகினோ மற்ற படிவங்களின் கட்டைப் பிரித்து சுமிரேவினுடையதை எடுத்தாள். நேற்று இவளே 'இப்படி ஒரு குடும்பம் அல்லவா வேண்டும்' என்று நினைத்துத் தனியே எடுத்து வைத்தது. எட்டரை மணிக்குத் தூக்கம். குடும்பத்தோடு காலை உணவு. வயிற்றுவலி 'ஒருபோதும் இல்லை', சிரிப்பு 'எப்போதும்'. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். சுமிரே எழுதிய ஒவ்வொரு வரியிலும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து போயிருந்தது.

அவள் கிதாமியின் முன் போய் நின்று, இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. இபுகி எங்கேயும் போக வேண்டாம்."

பிறகு தொலைபேசியை எடுத்தாள். சுமிரேவின் வீட்டு எண்ணைத் தேடத் தொடங்கியதும் ஒரு சின்னக் கை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அவங்க அம்மாவை இப்போ கூப்பிடாதீங்க டீச்சர். முதல்ல சுமிரேகிட்ட கேளுங்க. அவங்க வந்தா, என் தாள்ல இருக்கறதையும் அழிக்கச் சொல்லிடுவாங்க."