புத்தக உலகமா, வெண்டல் உலகமா

எங்கள் நண்பன் வெண்டலைப் புதைத்தபின் அவன் வீட்டு நிலவறையில் இதுதான் முதல் பகடை ஆட்டம்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடும் கதை விளையாட்டு. அவன் அம்மா மேலே துணி மடித்துக்கொண்டிருந்தார். வெளியே முழங்காலளவு பனி. ஆட்டத்தை வெண்டல் உருவாக்கிய கற்பனை உலகத்தில் நடத்துவதா, விதிப்புத்தகத்தோடு வரும் உலகத்திலா என்று கிரெட்சனுக்கும் எனக்கும் சண்டை.

“அவன் உலகத்துல செத்தா செத்ததுதான்டா. புத்தகத்துல கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனா பூசாரி உயிர் குடுத்துடுவாரு” என்றாள் கிரெட்சன்.

“அதெல்லாம் சப்புனு இருக்கும்னு வெண்டல் திட்டுவானே.”

“திட்டறதுக்கு அவன் இருக்கானா?”

முடிவெடுக்க, வழக்கப்படி ஆளுக்கொரு பகடை உருட்டினோம். அவள்தான் ஜெயித்தாள். சரி, புத்தக உலகம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மேலே வாசல் கதவு திறந்து மூடியது. அவன் அம்மா எப்போதும்போல எரிச்சலாகக் கத்தினார்.

“பூட்ஸைக் கழட்டிட்டு கீழ போடா வெண்டல், தரையெல்லாம் மண்ணு!”