பின்பக்கம்

செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது. ஜப்பான்காரன் பிடித்துவைத்திருக்கும் சிங்கப்பூரில் உள்ள அண்ணனிடம் அதற்கு மேல் பாசம் காட்ட யுத்தகாலத்தில் அனுமதி இல்லை. ராயபுரம் மணலில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில், அந்த அண்ணனின் தங்கை பச்சையம்மா சொல்லச் சொல்ல, காலேஜில் படிக்கிற குற்றத்துக்காக நான் எழுதுகிறேன். அவள் விரல்களில் ஒட்டிய கருவாட்டு உப்பு மினுங்குகிறது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் கிறீச்சிடுகிறது. "மாமா நல்லாக்கீறாரு, சித்தி நல்லாக்கீது, பெரிய அண்ணி நல்லாக்கீது..." ஒருவரை விட்டாலும் அண்ணன் கோபித்துக்கொள்வானாம். "யக்கா, இருபத்தஞ்சும் தீந்துபோச்சு" என்கிறேன். "இன்னா நைனா, அண்ணனுக்குப் பேசிவச்ச புஷ்பவல்லிய வேற எடத்துல கட்டிக் குட்த்துட்டாங்கன்னு சொல்லவேயில்லியே." படிவத்தை வாங்கித் திருப்புகிறாள். பின்பக்கம் வெள்ளையாக வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. "இங்க எழுது." "அது உங்க அண்ணன் பதில் எழுதுற எடம்." இரண்டு வருஷத்தில் மூன்று படிவங்கள் போய்விட்டன, ஒன்றும் திரும்பவில்லை. நான் பென்சிலைக் கீழே வைக்கிறேன். அவள் அதை எடுத்து, முந்தானையில் மணலைத் துடைத்து, மறுபடியும் என் கையில் தருகிறாள். "எழுதறதா இருந்தா அண்ணன் எப்பவோ எழுதிருக்கும், நைனா. நீ எழுது."