கட்டுப்பாடான குடும்பம்

"விளக்கு வெச்சா எங்க வீட்டுல எல்லாப் போனும் இந்த இரும்புப் பெட்டிக்குள்ள போயிடும். சாவி என்கிட்ட" என்று தையல்காரியின் கணவன் பெருமையாகச் சொன்னான். "குடும்பம்னா முகம் பார்த்துப் பேசணும், இல்லையா?"

எதிர்வீட்டுக்காரி வாய்பிளந்தாள். "கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க! எங்க வீட்டுல ஆளுக்கொரு மூலையில போனை நோண்டிக்கிட்டுக் கிடக்குதுங்க."

தையல்காரி சிரித்து வைத்தாள்.

வந்தவள் படியிறங்கியதும் அவன் கதவைத் தாழிட்டான். "அவகிட்ட என்னடி பல்லைக் காட்டுற?" என்று மனைவியின் கூந்தலைப் பற்றித் தலையைத் தையல் மெஷினில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. தடுக்க வந்த மகளைச் சுவரோடு சேர்த்து வயிற்றில் உதைத்தான்.

"அம்மா!" என்று மகள் சுருண்டு விழுந்தாள்.

தன்மேல் விழுந்த அடியையெல்லாம் பொறுத்தவளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் பின்மண்டையில் இறக்கினாள். அவன் அடியற்ற மரம்போலச் சாய்ந்தான்.

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"யாருக்கும்மா அடி?"

"எப்பவும் எனக்கும் என் பொண்ணுக்கும்தாங்க. அதை யார்கிட்டயும் சொல்லிடக் கூடாதுன்னுதான் போனையே பூட்டி வெப்பார். இன்னைக்கு அவருக்கும் அடி. சீக்கிரம் வாங்க."