நீல ஜக்கின் தழும்பு

பழைய சாமான் கடையின் மேல்தட்டில், தங்கப்பூ வரைந்த நீலக் கண்ணாடி ஜக்கு ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் சொரசொரப்பாக ஒரு தழும்பு.

"கொஞ்சம் நகருங்கக்கா," என்று சீண்டியது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஜக்கு. "என் அடியைப் பாருங்க, எப்படி வழவழன்னு இருக்கு!"

"சும்மா இரும்மா. கடைக்காரர் என் தழும்பைப் பார்த்தால் உடைசல் மூட்டையில் போட்டுவிடுவார்."

அப்போது பழங்கண்ணாடி சேகரிக்கும் ஒரு அம்மாள் பூதக்கண்ணாடியோடு வந்தார். தங்கப்பூவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஜக்கைச் சட்டென்று கவிழ்த்தார். ஜக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"அடடா, தழும்பு!" அம்மாள் போட்ட சத்தத்தில் கடையே அதிர்ந்தது. "வாயால் ஊதிச் செய்து, சூட்டோடு அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த இடம். மெஷின் ஜக்கில் இது ஏது? இந்த மகராசியைத்தான் இத்தனை வருஷமாகத் தேடினேன்!"

பேரம்கூடப் பேசாமல், குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு போனார். நீல ஜக்கு வழியெல்லாம் வெயிலில் மினுமினுத்தது.

மறுநாள் கடைக்காரர் கதவைத் திறந்தால், மேல்தட்டுச் சாமான்கள் அத்தனையும் தலைகீழாக நின்றன. பிளாஸ்டிக் ஜக்கு மட்டும் இன்னும் தயாராகவில்லை. தன் அடியைச் சுவரில் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தது.