பத்துத் தோல்வி, பத்துப் புள்ளி

கரும்பலகை முன்னால் நின்றவர்கள்: எங்கள் கேப்டன் முகமது பாரூக். கிறிஸ்துராஜ், ஆறடி மூன்றங்குலம், அந்த உயரத்தைத் தவிர வேறு ஆட்டம் கிடையாது. கேண்டீன் ஜெயமேரி அக்கா, கையில் டீத் தூக்கு. எங்கள் மில் மேனேஜர், கையில் ஒரு ஃபைல். கன்னிவாடி அணியின் சடையாண்டி, கொட்டாவி விட்டபடி. பிறகு நான்.

1998, மே மாதக் கடைசி ஞாயிறு. மதியம் பன்னிரண்டு மணி.

லீக் செயலாளர் சாக்பீஸால் இறுதிப் புள்ளிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல்லைச் சுற்றி ஆறு நூற்பாலைகள், ஆறு கூடைப்பந்து அணிகள், அணிக்குப் பத்து ஆட்டம். அதுதான் மில் லீக். எங்களை வேலைக்கு எடுத்ததே பந்து விளையாடத்தான். ஆனாலும் இரவு ஷிப்ட் பார்க்க வேண்டும். மில் அந்த அளவுக்குத்தான் தாராளம்.

அந்த வருடம் பத்திலும் தோற்றோம். பத்தாவது தோல்வி அன்று காலை எட்டரைக்குத் தொடங்கி பத்து மணிக்கு முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது இடம் வந்தால் அணியைக் கலைப்போம் என்று நிர்வாகம் ஜனவரியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அணி போனால் எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை போகும். அந்த உத்தரவுதான் மேனேஜரின் ஃபைலில் இருந்தது. தேதி மட்டும் போட வேண்டும்.

கிறிஸ்துராஜின் மனைவிக்கு எட்டாவது மாதம். வத்தலக்குண்டில் ஒரு லாரி ஷெட்டில் அவன் வேலை கேட்டு வைத்திருந்தான்.

செயலாளர் முதல் நான்கு பெயர்களை எழுதினார். அவற்றை யாரும் படிக்கவில்லை.

ஐந்தாவது வரியில் எங்கள் மில்லின் பெயரை எழுதினார்.

"சார், நம்ம பேரு ஆறாவதுல வரணும்."

சொன்னது கிறிஸ்துராஜ். முட்டாள். நேர்மையான முட்டாள்.

மேனேஜரும் சேர்ந்துகொண்டார். "பத்துக்குப் பத்து தோல்வி சார். கன்னிவாடி ரெண்டு ஜெயிச்சிருக்கு. அதுவும் இவனுககிட்டதான்."

செயலாளர் திரும்பவே இல்லை. "ஜெயிச்சா ரெண்டு புள்ளி. தோத்தா ஒண்ணு. ஆட வராட்டி முட்டை. ஒங்க பயலுக பத்துக்கும் வந்து தோத்திருக்கானுக. பத்து புள்ளி. கன்னிவாடி ஜெயிச்சதுக்கு நாலு, தோத்ததுக்கு அஞ்சு, மூணு ஆட்டத்துக்கு ஆளே வரல. ஒம்பது."

ஐந்து மாதமாக நாங்கள் வெற்றியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். நிர்வாகமும் அப்படித்தான். விதிப் புத்தகத்தை மில்லில் ஒருவரும் புரட்டியதில்லை.

கன்னிவாடிக்காரர்கள் ஒரு முறை வேன் பழுதாகி வராமல் போனார்கள். ஒரு முறை ஊர்த் திருவிழா. மூன்றாவது, அன்று காலை ஏழு மணிக்கு வேறொரு மில்லோடு இருந்த ஆட்டம். எங்கள் மைதானத்துக்குச் சரியாக ஐந்து பேரோடு வந்தவர்கள், ஆடும் நேரத்தில் சடையாண்டியைக் காணாமல் நான்கு பேராக நின்றார்கள். நடுவர் பதினைந்து நிமிடம் பார்த்தார். விசில் ஊதினார். முடிந்தது.

பாரூக் விரல் விட்டு எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். பிறகு வெயில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தான்.

கிறிஸ்துராஜ் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். ஆட்டத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

"ஒரு மேட்சு ஜெயிக்கல. இதுக்குப் போயி இம்புட்டு கூத்தா?" என்று கேட்டுக்கொண்டே ஜெயமேரி அக்கா எல்லோருக்கும் டீ ஊற்றினார். மேனேஜருக்குக் கிளாஸ் வைக்க இடமில்லை. ஃபைல் மேலேயே வைத்துக்கொண்டார்.

சடையாண்டி எங்களை நிற்க வைத்துக் கேலி செய்தான். "ஏலே, தோத்தே அஞ்சாவது எடம் வந்த பயலுகளா. வெளிய சொல்லிராதீக, ஊரு சிரிக்கும்."

அந்த வருடம் எங்களுக்கு எதிராக அதிகக் கூடை போட்டவன் அவன்தான். காலையில் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவன் கேப்டன் கேட்டதற்கு, அசந்து தூங்கிவிட்டேன் என்றான். வாங்க வேண்டிய வசவை வாங்கினான்.

இது 2006. லீக் இல்லை. கிறிஸ்துராஜுக்கு வேலை நிரந்தரமாகி, தொப்பையும் நிரந்தரமாகிவிட்டது. பத்திரிகையில் வந்த அந்தப் பட்டியலை என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வெற்றி பூஜ்யம், தோல்வி பத்து, புள்ளி பத்து. எப்போது பார்த்தாலும் சிரிப்புதான் வருகிறது.

1998இன் அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடிந்தது. பஞ்சு குடோனைப் பூட்டிவிட்டுப் போவது என் வேலை. தன் அணியோடு முந்தின இரவே வந்து எங்கள் கேண்டீனில் படுத்திருந்த சடையாண்டி, அந்த நேரத்தில் என்னைத் தேடி வந்தான். புள்ளிக் கணக்கைச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னான்.

"நாங்க ஆறாவது வந்தா மொதலாளி ரெண்டு வார்த்தை வைவாரு, அம்புட்டுதேன். ஒங்களுக்குச் சோறு போயிரும். அந்த ஒசரக்காரன் பொண்டாட்டி வேற மாசமா இருக்காம்ல, கேண்டீன்ல பேசிக்கிட்டாக."

"அதுக்கு நீ எங்கயாச்சும் போயி ஒளிஞ்சுக்க."

"வெளிய இருந்தா தேடிப் பிடிச்சிருவானுக. பூட்டிக் கெடக்குற எடத்துல எவனும் தேட மாட்டான். எட்டு மணிக்கு வந்து தொற அப்பு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குடோனுக்குள் போனான்.

நான் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.