அரை மாத்திரை

"ஒண்ணு, ரெண்டு, பொறவு அரை! வகுப்புலேயே மாத்திரைக்குக் கணக்குச் சொல்லுதாவளாம் அந்த டீச்சரம்மா. எம் மவ தூக்கத்துலயும் அதையேதான் ஒப்பிக்கா" என்று பள்ளித் தாளாளர் ஐயாதுரையின் மேசையைத் தட்டினார் மில் தொழிலாளி கருத்தப்பாண்டி. "மனசு பேதலிச்சவியளுக்குக் குடுக்குற மாத்திரையாம். ஊரே பேசுது."

1989இல் ராஜபாளையத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப அந்தப் பேச்சே போதும். ஐயாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு நடந்தார். கருத்தப்பாண்டியும் பின்னாலேயே போனார்.

உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தார் தமிழாசிரியை நாச்சியார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். சாக்பீஸ் பிடித்த கை லேசாக நடுங்கியது. தாளாளர் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் நடுங்காது!

"குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு ரெண்டு மாத்திரை. மெய்யெழுத்துக்கு..." என்றவர் நிறுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரை மாத்திரை!" என்று வகுப்பே கூவியது.

ஐயாதுரை வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலே கருத்தப்பாண்டி, இது எழுத்தை உச்சரிக்கிற நேரம். இலக்கணத்துல அதுக்குப் பேரு மாத்திரை. இதைப் போயி..."

கருத்தப்பாண்டி அசடு வழியத் தலையைச் சொறிந்தார்.

"பாதியில நிறுத்தி, பிள்ளைகளையே சொல்ல வைக்கிறிய பாருங்க, இதுல்லா பாடம் நடத்துற முறை!" என்று ஆசிரியையைப் பாராட்டினார் ஐயாதுரை. "நல்லவேளை. ஒரு பைத்தியத்துகிட்டயா பிள்ளைகளை விட்டிருக்கோம்னு பயந்துட்டேன். அப்படி மட்டும் இருந்திருந்தா, இப்பவே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன்."

நாச்சியார் சும்மா இருந்திருந்தால் வேலை தப்பித்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"முறையெல்லாம் இல்லைய்யா. எனக்கு மறந்துபோச்சு. எங்கே, தள்ளுங்க பார்ப்போம்!"

ஐயாதுரை கையை நீட்டாமல் ஓரடி பின்வாங்கினார்.

"முழுசா முழுங்கினா பாடம் பூராவும் மறக்குதுன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டேன்யா. இப்போ எனக்கும் அரை மாத்திரைதான்."